வீட்டில் விளக்கு எரியாத காரணம் பற்றி அக்காவுக்கு

அன்பும் மரியாதையும் மிக்க அக்காவுக்கு,

உடன்பிறந்த தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, பெரியவள், சின்னவன் ஆகிய நால்வரும் நலம். கடிதத்தை எப்படியாவது ஆரம்பிக்க வேண்டுமே என்று எழுதுகிற நலம் இல்லை இது. போன திங்கட்கிழமை மாலை ஏழேகாலுக்கு உறுதியாகி, அதற்குப் பிறகும் ஐந்து நாள் பொறுத்துப் பார்த்து எழுதுகிற நலம். அங்கே நீயும் மாமாவும் இதே தரத்தில் நலமாக இருக்க விரும்புகிறேன். போன கடிதத்தை நான் "அக்கா, குடி முழுகிப்போச்சு" என்று ஆரம்பித்ததற்கு நீ ஒரு பக்கம் முழுக்கத் திட்டியிருந்தாய். கடிதம் என்றால் முதலில் வணக்கம், அடுத்தது நலம், அதன் பிறகுதான் குடி முழுக வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஒப்புக்கொள்கிறேன். இந்த முறை வரிசை தவறவில்லை. இனி விஷயத்துக்கு வருகிறேன்: நீ கிளம்பி வர வேண்டாம். பெட்டியைக் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடு. நீ நம்பர் போட்டு எழுதிய சந்தேகங்களில் ஒன்றுகூட உண்மை இல்லை. காதல் இல்லை, கடன் இல்லை, வேலை போகவில்லை, யாரும் துறவு பூணவில்லை. ஐந்தாவதாக, "உன் தொணதொணப்பு தாங்காமல் இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள்" என்று எழுதியிருந்தாயே, அதுவும் இல்லை. அதைத் தனியாகக் குறிப்பிட ஆசைப்படுகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். இடையில் மாமாவைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்காமல் முழுக்கப் படி.

இந்த வீட்டில் இருபது வருஷமாக எனக்கும் ஸ்விட்சுகளுக்கும் யுத்தம் நடப்பது உனக்குத் தெரியாதது இல்லை. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் நின்று, விளக்கைப் போட்டு அணைத்து, "இப்போ தெரியுதா? இப்போ?" என்று கேட்கிறவன் நான். வீட்டுக்கு வந்தாலும் அதே வேலைதான், கேள்வி மட்டும் கிடையாது. பெரியவளுக்கு இருபத்தாறு வயது, பொய்ப்பல் செய்கிற இடத்தில் வேலை. ஒரு நூலிழை ஏற்றத்தாழ்வு இருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவாளாம், அங்கே அப்படிப் பேர். சின்னவனுக்கு இருபத்திரண்டு, போன் ரிப்பேர் கடையில் இருக்கிறான். கடுகளவு உதிரிபாகத்தைக்கூடத் தொலைக்க மாட்டானாம். இப்பேர்ப்பட்ட இரண்டு பேருக்கும், ஒரு அறையை விட்டு வெளியே வந்த பிறகும் அந்த அறை அங்கேயேதான் இருக்கிறது, அதில் ஒரு ஃபேன் யாருக்கும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு மட்டும் பிறவியிலேயே கிடையாது. சின்னவன் ஃபேனை முழு வேகத்தில் வைப்பான், பிறகு குளிர்கிறது என்று போர்த்திக்கொள்வான். பெரியவள் தலைமுடி காயவைக்கிற மெஷினைப் போட்டால் பக்கத்து வீட்டுக் குழந்தை விமானம் என்று வெளியே ஓடிவந்து வானத்தைப் பார்க்கும்.

நான் செய்யாத உபாயம் இல்லை அக்கா. ஒவ்வொரு ஸ்விட்சுக்கு மேலும் "தேவையா?" என்று எழுதி ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் கீழே "தேவை" என்று சின்னவன் கையெழுத்து. பத்திரிகையில் வந்த படம் ஒன்று, உருகுகிற பனிக்கட்டி மேல் ஒரு கரடி தனியாக நிற்கிறது, அதை வெட்டி ஹாலில் ஒட்டினேன். "அய்யோ, பாவம்பா!" என்றாள் பெரியவள். சொன்ன கையோடு, கரடி நன்றாகத் தெரியட்டும் என்று இன்னொரு விளக்கைப் போட்டாள். மின்சாரக் கட்டணத்தில் மிச்சமாகிற காசில் பாதி உங்களுக்கு என்று ஆசை காட்டினேன். சின்னவன் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, "இவ்வளவுதானா? இதை நானே மாசாமாசம் உங்களுக்குத் தந்துடறேன்பா, என்னை விட்டுடுங்க" என்றான். அன்றோடு நான் கையைத் தூக்கிவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான், ஒன்றரை மாசத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்து கதவைத் திறக்கிறேன், வீடு கும்மிருட்டு. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தால் மாடிப்படியில் விளக்கு எரிகிறது, எதிர்க் கட்டடம் பளிச்சென்று இருக்கிறது. உள்ளே கால் வைத்தேன், செருப்பு அலமாரி முட்டியில் இடித்தது. நகர்ந்தேன், நாற்காலி இடித்தது. சாப்பாட்டு மேஜையில் ஒரே ஒரு சின்ன விளக்கு. அதன் இந்தப் பக்கம் பெரியவள், அந்தப் பக்கம் சின்னவன். இரண்டு பேரும் ஒரே அறையில்! ஒரே மேஜையில்! பெரியவள் துண்டால் தலை துவட்டிக்கொண்டிருக்கிறாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சின்னவன் எழுந்து போய், பக்கத்து அறை ஃபேனை அவன் கையால் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அக்கா, நான் நேரா போய் அவன் நெத்தியில கை வச்சுப் பார்த்தேன். சூடு இல்ல.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லப்பா."

"ஏன் இருட்டுல உக்காந்திருக்கீங்க?"

"சும்மாப்பா."

நீயே சொல்லு, வளர்ந்த பிள்ளைங்க ஒரு காரியத்தைச் சும்மா செய்யறேன்னு சொன்னா பெத்தவன் நம்புவானா? இருபது வருஷமா எதுக்காக நான் தொண்டை வத்தக் கத்தினேனோ அது நடக்குது, எனக்குச் சந்தோஷம் வரல, பயம் வருது. என் வீட்டுக்காரிகிட்ட போய்ச் சொன்னா, அவ துணி மடிச்சுக்கிட்டே, "நல்லதுதானே, நீங்க கேட்டதுதானே" அப்படிங்கிறா. மறுநாளும் அதே கதை. அதுக்கு மறுநாளும். சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும் வீட்டுல ஒரு விளக்கு, ஒரு ஃபேன், அவ்வளவுதான். ஒன்பது அடிச்சா பழையபடி எல்லாம் எரியும். என்ன வியாதி கடிகாரம் பார்த்து வந்துட்டுக் கடிகாரம் பார்த்துப் போகும்? அந்தச் சமயத்துலதான் உனக்கு அந்தக் கடிதத்தைப் போட்டேன். நீயும் உன் பங்குக்கு அஞ்சு சந்தேகத்தை எழுதி அனுப்பி என் தூக்கத்தைச் சுத்தமாக் கெடுத்தே.

உன் பட்டியல்ல வேலை போயிருக்கும்ங்கிறது மட்டும் எனக்கு மனசுல ஒட்டிக்கிச்சு. கடை முதலாளியும், "எங்க சொந்தத்துல ஒரு பையன் வேலை போனதும் இப்படித்தான் சார், மூணு மாசம் இருட்டுல உக்காந்திருந்தான்" அப்படின்னு எண்ணெய் ஊத்தினார். ஒரு நாள் அஞ்சு மணிக்கே லீவு சொல்லிட்டுச் சின்னவன் வேலை பார்க்கிற கடைக்குப் போனேன். அடையாளம் தெரியக் கூடாதுன்னு எங்க கடையிலிருந்தே பெரிய கறுப்புக் கண்ணாடி ஒண்ணை மாட்டிக்கிட்டுப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "வாங்க சார், உங்க பையன் உள்ளேதான் இருக்கான், கண்ணுல என்ன, ஆபரேஷனா?" அப்படின்னு கேட்டார். ஆமான்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல? பையன் எப்படின்னு மெதுவா விசாரிச்சேன். "தங்கமான பையன் சார். ஒண்ணே ஒண்ணு, முன்னெல்லாம் ஏழு மணி வரைக்கும் இருப்பான். இப்போ அஞ்சரை ஆனா ஒரு நிமிஷம் நிக்க மாட்டேங்கிறான். காலையில சீக்கிரம் வந்து ஈடு கட்டிடறான், அதனால நான் கேட்கிறதில்ல" அப்படின்னார்.

வேலை இருக்கு. சரி, அஞ்சரைக்குக் கிளம்பி எங்கே போறான்? எதிர்ப்பக்க நடைபாதையில அவன் பின்னாலேயே போனேன். கறுப்புக் கண்ணாடியைக் கழட்ட மறந்து, ஒரு குப்பைத்தொட்டி மேலயும் ஒரு பெரியம்மா மேலயும் மோதினேன். குப்பைத்தொட்டி ஒண்ணும் சொல்லல. அவன் நேரா நம்ம கட்டடத்துக்கே வந்தான். மூணாவது மாடிக்கு ஏறாம, கீழ்வீட்டுக் கதவைத் தட்டிட்டு உள்ளே போயிட்டான்.

கீழ்வீட்டுக்காரரைப் பத்தி உனக்குச் சொன்னதில்ல. எல்லாரும் அவரைக் கண்டக்டர்னுதான் சொல்வோம். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸுல விசில் ஊதினவர். ஊதி ஊதித் தீர்த்துட்டேன்னு அவரே சொல்வார், இப்போ அவருக்கு மூச்சுக்கே தட்டுப்பாடு. நுரையீரல்ல கோளாறு. மூக்குல ஒரு குழாய், பக்கத்துல ஸ்டூல் உயரத்துக்கு ஒரு ஆக்சிஜன் மெஷின், இருபத்திநாலு மணி நேரமும் அது உறுமிக்கிட்டே இருக்கும். அவர் சம்சாரம் ஒரு சலவைக்கடையில வேலை பார்க்குது, திரும்பி வர எட்டு மணி ஆகும். எனக்கும் அவருக்கும் அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தா தலையாட்டற பழக்கம்தான். நான் படிக்கட்டுக்குக் கீழே சைக்கிள் நிறுத்தற இடத்துல மறைஞ்சு நின்னு காதைத் தீட்டிக்கிட்டிருந்தேன். உள்ளேயிருந்து கண்டக்டர் குரல்: "படியில யாருப்பா நிக்கிறது? ஏறினா ஏறு, இறங்கினா இறங்கு, வழியை அடைக்காதே!" நான் மூணு மாடியும் மூச்சு வாங்க ஓடிட்டேன். மாடியில வந்து யோசிச்சேன். ரெண்டு பேரும் சீட்டாடறாங்க, இல்லாட்டி அவர் என் பையனுக்குக் குடிக்கச் சொல்லித் தர்றார். என் புத்தி அப்படித்தான் போச்சு அக்கா, மறைக்க விரும்பல.

இதுக்கு நடுவுல இன்னொரு அவமானம். எனக்கு முதுகுவலி இருக்கிறது உனக்குத் தெரியும். கடையில நின்னு நின்னு வந்தது. சாயங்காலம் ஆறரைக்கு ஹீட்டரைப் போட்டு, ஏழு மணிக்குச் சுடச்சுட ஒரு குளியல், அது ஒண்ணுதான் என் வாழ்க்கையில நான் அனுபவிக்கிற சுகம். அது வீண் செலவு இல்ல, வைத்தியம். போன வாரத்துக்கு முந்தின வாரம் பெரியவ வந்து, "அப்பா, குளியலை ஒன்பது மணிக்கு மேல வச்சுக்கங்களேன்" அப்படின்னா. எதுக்குன்னு கேட்டா, "கரண்ட்டை அளவா உபயோகிக்கணும்பா" அப்படிங்கிறா. யார்கிட்ட? என்கிட்ட! இருபது வருஷம் நான் பேசின வசனத்தை எனக்கே திருப்பிச் சொல்றா! "அளவைப் பத்தி எனக்கு நீ சொல்லித் தர்றியா?"ன்னு கத்தினேன். அவ சின்னவனைப் பார்த்தா, அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வைதான் எனக்கு மூளையில தீ வச்சுது.

அதனால போன திங்கட்கிழமை ஒரு சோதனை செய்யறதுன்னு முடிவு பண்ணினேன். புத்தி சுவாதீனத்துல இருக்கிற பிள்ளைங்களா இருந்தா, வீடு முழுக்க விளக்கு எரிஞ்சா எரிச்சல்பட்டுக் காரணத்தைச் சொல்லிடுவாங்க, அதான் என் திட்டம். அன்னைக்குச் சின்னவனும் ஆறே காலுக்கே மேலே வந்துட்டான். ஆறரைக்கு ஹீட்டரைப் போட்டேன். ஹால், சமையலறை, ரெண்டு படுக்கையறை, பால்கனி, எல்லா விளக்கையும் போட்டேன். இருக்கிற ஃபேன் எல்லாத்தையும் போட்டேன். சட்டையைத் தேய்க்கப் போறேன்னு அயர்ன்பாக்ஸைச் சொருகினேன். பெரியவ, "அப்பா, வேண்டாம்பா, ப்ளீஸ்பா" அப்படின்னு பின்னாலேயே வந்தா. "காரணம் சொல்லு, அணைக்கிறேன்." அவ வாயைத் திறந்தா, சின்னவன் தலையை ஆட்டினான், அவ மூடிக்கிட்டா. சரிதான் போங்கன்னு நான் குளியலறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டேன். வெந்நீர் மேலே பட்டுச்சு. சோப்பு போட்டேன். முகம் முழுக்க நுரை. அப்போ எங்கேயோ கீழே 'டப்'புன்னு ஒரு சத்தம். எல்லாம் இருட்டு.

அந்த இருட்டுல நான் கேட்டதை எப்படி எழுதறதுன்னு தெரியல. ஒரு வினாடிதான் இருக்கும். எங்க வீட்டுக் கதவு தடால்னு திறந்துச்சு. அதே நேரத்துல மேல் மாடியில ஒரு கதவு. எதிர்வீட்டுக் கதவு. ரெண்டாவது மாடியில ரெண்டு கதவு. அப்புறம் காலடிச் சத்தம். செருப்புக்கூடப் போடாத கால்கள், படியில தடதடன்னு, எல்லாம் கீழே.  பிள்ளைங்க வீட்டை விட்டே ஓடுதுங்கன்னு நினைச்சேன். கைக்குக் கிடைச்ச துண்டைச் சுத்திக்கிட்டு, கண்ணுல சோப்பு எரிய, மூணு மாடியும் கைப்பிடியைத் தடவிக்கிட்டே இறங்கினேன். வழியில ஒரு தடவை விழுந்தேன். முழங்கால் இன்னும் வீங்கித்தான் இருக்கு, அதை விடு.

கண்டக்டர் வீட்டுக் கதவு திறந்திருந்துச்சு. உள்ளே 'பீப், பீப்'னு ஒரு சத்தம். ரெண்டு போன் டார்ச் வெளிச்சம். எதிர்வீட்டு நர்ஸம்மா மகள் ஒரு டார்ச்சைப் பிடிச்சிருக்கா. மேல்மாடியில கிடாரைப் போட்டு வதைப்பானே ஒருத்தன், அவன் இன்னொண்ணைப் பிடிச்சிருக்கான். கரண்ட் போனா உதவட்டும்னு மூலையில வச்சிருந்த ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்துல சின்னவன் மண்டி போட்டு, மேலே இருந்த குமிழைத் திருகறான். கண்டக்டர் கட்டில்ல நிமிர்ந்து உக்காந்திருக்கார். வாய் திறந்திருக்கு. தோள் ரெண்டும் ஏறி ஏறி இறங்குது. பெரியவ அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, கொஞ்சம்கூடப் பதறாத குரல்ல, "மெதுவா மாமா... உள்ளே இழுங்க... ஒண்ணு, ரெண்டு... விடுங்க... இதோ வந்துடுச்சு மாமா" அப்படின்னு சொல்லிக்கிட்டே இருக்கா. என் பொண்ணுக்கு இப்படி ஒரு குரல் இருக்குன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். சின்னவன் குழாயை மாத்தினான். 'உஸ்'ஸுன்னு காத்து வந்துச்சு. பத்து மூச்சு, பதினஞ்சு மூச்சு. மெல்ல மெல்ல அவர் தோள் இறங்கிச்சு. அந்த அறையில இருந்த ஆறு பிள்ளைங்களும் அவரோட சேர்ந்து மூச்சு விட்டாங்க. நானும்தான்.

கண்டக்டர் கண்ணைத் திறந்தார். டார்ச் வெளிச்சத்துல, துண்டோட, தலையெல்லாம் நுரையோட நிக்கிற என்னை மேலேயும் கீழேயும் பார்த்தார். மூச்சு முழுசா வரல, இருந்தாலும் கேட்டார்: "யாருப்பா... இது... டிக்கெட் இல்லாம ஏறினவரு?"

எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே எதிர்வீட்டுப் பொண்ணு கண்ணைத் துடைச்சுக்கிச்சு. எனக்குச் சிரிப்பு வரல அக்கா. என் ஹீட்டர்தான்னு எனக்கு அந்த நிமிஷமே விளங்கிடுச்சு.

கரண்ட் திரும்ப வந்து, மெஷின் பழையபடி உறும ஆரம்பிச்ச பிறகு, படிக்கட்டுல உக்காந்துதான் முழுக் கதையையும் சொன்னாங்க. ஒன்றரை மாசத்துக்கு முன்னால ஒரு சாயங்காலம் இதே மாதிரி கட்டடத்தோட மெயின் ஸ்விட்ச் விழுந்து கரண்ட் போயிருக்கு. சாயங்காலம் எல்லா வீட்டுலயும் எல்லாத்தையும் போட்டா இந்தக் கட்டடத்துக்கு அடிக்கடி அப்படி ஆகும். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் திரும்பத் தூக்கிவிட முடியும். நாங்க எல்லாம் பால்கனியில நின்னு மின்சார ஆபீஸைத் திட்டிக்கிட்டிருப்போம். அன்னைக்குச் சின்னவன் வேலையிலிருந்து வந்துக்கிட்டிருந்தவன், கீழ்வீட்டுல 'பீப்' சத்தம் கேட்டு எட்டிப் பார்த்திருக்கான். "அவர் கை குமிழ் மேலேதான்பா இருந்துச்சு. திருக பலம் இல்ல. என்னைப் பார்த்தாரு. கூப்பிடக்கூட முடியல" அப்படின்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கல, படியைப் பார்த்துக்கிட்டே சொன்னான். மேலே வந்து அக்காகாரிகிட்ட மட்டும் சொல்லியிருக்கான். அவ மத்த வீட்டுப் பிள்ளைங்களைக் கூட்டியிருக்கா. கட்டடத்துல மொத்தம் பன்னெண்டு வீடு, எட்டு வீட்டுல இவங்க வயசுல ஆள் இருக்கு. சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும் அவங்கவங்க வீட்டுல முடிஞ்சதை எல்லாம் அணைச்சு வைக்கிறது, ஆறிலிருந்து எட்டு வரைக்கும் முறை போட்டு ஒருத்தர் கண்டக்டர்கூட உக்கார்றது, ஏழு மணிக்கு முறைக்காரன் மாறற கால் மணி நேரத்துல மெயின் விழுந்தா எல்லாரும் ஓடறது. இந்த ஒன்றரை மாசத்துல ஒரு தடவைகூட விழல. நான் சோதனை செஞ்ச அன்னைக்குத்தான் விழுந்துச்சு, அதுவும் அந்தக் கால் மணி நேரத்துல.

"எங்ககிட்ட ஏன்டா சொல்லல?"

பெரியவதான் பதில் சொன்னா: "சொன்னா நீங்கள்லாம் கூட்டம் போடுவீங்கப்பா. எந்த வீட்டு ஹீட்டரால விழுதுன்னு சண்டை வரும். தலைவர், செயலாளர்னு ஆரம்பிப்பீங்க. அது முடியறதுக்குள்ள அவருக்கு ஏதாவது ஆயிடும். தவிர, கண்டக்டர் மாமாவுக்கே தெரியாது. அவருக்காகத்தான் நாங்க இருட்டுல உக்கார்றோம்னு தெரிஞ்சா, மறுநாளே வேற வீடு பார்த்துப் போயிடுவாரு. பஸ் கதை கேக்க வர்றோம்னுதான் நினைச்சுக்கிட்டிருக்காரு."

எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துச்சு. "இருபது வருஷமா நான் அணை அணைன்னு அடிச்சுக்கிட்டேன். கரடிக்காக அணைக்கல, காசுக்காக அணைக்கல, அப்பனுக்காகவும் அணைக்கல. அப்படித்தானே?"

சின்னவன் படியிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "நீங்க அணைக்கச் சொன்னீங்கப்பா. எந்த ஸ்விட்சை அணைச்சா யாருக்கு மூச்சு வரும்னு எங்களுக்குத் தெரியலையே" அப்படின்னான்.

நான் எழுந்தேன். முதுகுல சோப்பு காஞ்சு இழுத்துக்கிட்டிருந்துச்சு. நேரா மேலே போய் ஹீட்டர் ஸ்விட்சை அணைச்சேன். பச்சைத் தண்ணியில மீதிக் குளியலை முடிச்சேன். வெளியே வந்து என் வீட்டுக்காரிகிட்ட, "உனக்குத் தெரியுமா இந்த விஷயம்?"னு கேட்டேன். "முதல் நாளே தெரியும்" அப்படின்னா. "என்கிட்ட ஏன் சொல்லல?"ன்னா, "சொன்னா உடனே உக்காந்து உங்க அக்காவுக்குக் கடிதம் எழுதுவீங்க" அப்படிங்கிறா. பாரேன்!

அக்கா, அன்னைக்கு நான் நிம்மதியா ஒரு தூக்கம் தூங்கினேன் பாரு, ஒன்றரை மாசத்துக்கும் சேர்த்து. பிள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லைங்கிறது மட்டும் இல்ல, என்னைவிட நல்லா இருக்காங்க. அதை ஒப்புக்கறதுக்குக் கொஞ்சம் கூச்சமா இருக்கு, அதனால உனக்கு மட்டும் எழுதறேன். என் வெந்நீரைக் காலையில அஞ்சு மணிக்கு மாத்திக்கிட்டேன். முதுகுக்கு எல்லா நேரமும் ஒண்ணுதான்னு தெரியுது. வியாழக்கிழமை முறை எனக்குக் கொடுத்திருக்காங்க, கெஞ்சித்தான் வாங்கினேன். போன வியாழன் ஆறு மணிக்குப் போய் உக்காந்தேன். கண்டக்டர், "உள்ளே தள்ளி உக்காருங்க, உள்ளே தள்ளி உக்காருங்க" அப்படின்னார், அறையில நாங்க ரெண்டு பேர்தான். ஒரு மணி நேரத்துல பதினேழு பஸ் கதை சொன்னார். அவர் பேப்பரைக் கையை நீட்டி வச்சுப் படிக்கிறதைப் பார்த்தேன், அங்கேயே கண்ணைச் சோதிச்சேன். அடுத்த வாரம் கண்ணாடி செஞ்சு எடுத்துட்டுப் போறேன். மத்த அப்பாக்களுக்கும் விஷயம் தெரிஞ்சு போச்சு. பெரியவ சொன்ன மாதிரியே முதல் நாள் ஒரு கூட்டம் போட்டோம், எந்த வீட்டு ஹீட்டர்னு சண்டையும் வந்துச்சு. எங்க வீட்டு ஹீட்டர்தான்னு நான் எழுந்து நின்னு ஒத்துக்கிட்டதும் சண்டை நின்னுடுச்சு, திட்டு மட்டும் கொஞ்ச நேரம் நடந்துச்சு. கடைசியா எல்லாரும் கையெழுத்துப் போட்டு மின்சார ஆபீஸ்ல ஒரு மனு கொடுத்திருக்கோம். ஆள் அனுப்பறோம்னு சொல்லியிருக்காங்க. வர்றப்போ வரட்டும். அதுவரைக்கும் எங்க பிள்ளைங்க இருக்காங்க.

இனி முறைப்படி முடிக்கிறேன். மாமாவின் காலில் என் வணக்கத்தைச் சேர்ப்பிக்கவும். அவருடைய சர்க்கரையும் உன்னுடைய கோபமும் அளவோடு இருக்க வேண்டுகிறேன். அங்கே உள்ள பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். அவர்களும் ஃபேனைப் போட்டுவிட்டுப் போர்த்திக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கொஞ்ச நாள் பொறு, திட்டாதே. இளம் பிள்ளைகள் எதற்காக விளக்கை அணைப்பார்கள் என்பது எனக்கு இப்போது தெளிவாகப் புரிந்துவிட்டது. நேரில் வரும்போது விளக்கமாகச் சொல்கிறேன்.

என்றும் உன் அன்பை வேண்டும்,
தம்பி

பி.கு.: சனிக்கிழமை எழுதி முடித்த கடிதம் இது, தபால்தலை இல்லாமல் திங்கள்வரை கிடந்தது. நல்லதாப் போச்சு. இன்னைக்குக் கடைக்கு மத்தியானம் வரைக்கும் லீவு போட்டிருந்தேன். காலையில மின்சார ஆபீஸ் ஆள் வந்தார். படிக்கட்டுக்குக் கீழே மெயின் போர்டைத் திறந்து டார்ச் அடிச்சார். "இந்தத் திருகாணி லூஸு சார், அதான் மெயின் விழுது" அப்படின்னார். ரெண்டு திருகு திருகினார். அவ்வளவுதான். "இனி எவ்வளவு லோடு போட்டாலும் தாங்கும், பன்னெண்டு வீட்டுலயும் ஹீட்டரைப் போட்டுக்கிட்டு நடனம் ஆடலாம்" அப்படின்னார். நம்பாம, இருந்த வீட்டுக்காரங்களை எல்லாம் கூப்பிட்டு எல்லாத்தையும் ஒரே நேரத்துல போட வச்சுப் பார்த்தோம். அரை மணி நேரம் அசையல. கீழே மெஷின் பாட்டுக்கு உறுமிக்கிட்டிருக்கு. கண்டக்டருக்கு இனி பயம் இல்ல. வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. ஆனா பிள்ளைங்க ஒன்றரை மாசம் இருட்டுல உக்காந்தது ஒரு திருகாணிக்காகன்னு தெரிஞ்சா மனசு விட்டுடுவாங்க. அதைவிட முக்கியம், நாளையிலிருந்து ஆளுக்கொரு அறையில போய்க் கதவைச் சாத்திக்குவாங்க. அந்த ஆளைத் தனியாக் கூட்டிப்போய், "சத்தமாப் பேசாதீங்க, பிள்ளைங்க காதுல விழ வேண்டாம்"னு கேட்டுக்கிட்டேன். மத்த பெத்தவங்களும் வாயைத் திறக்கிறதில்லைன்னு பேசி வச்சுக்கிட்டோம். நீயும் மூச்சு விடாதே. படிச்சதும் இந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போடு.

மறுபடியும் பி.கு.: சாயங்காலம் ஆறு மணி. ஒட்டப் போன உறையைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரி இப்போதுதான் சொன்னாள். அந்த மின்சார ஆபீஸ் ஆள் போகிற வழியில், ஒரு உடைந்த போனைச் சரி பண்ண ஒரு கடைக்குள் போயிருக்கிறார். சின்னவன் இருக்கிற கடைதான். மத்தியானமே எட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் திருகாணி விஷயம் தெரிந்துவிட்டதாம். "அப்பாகிட்ட சொல்லிடாதம்மா, அப்புறம் சாயங்காலம் மறுபடியும் ஹீட்டரைப் போட்டுக்கிட்டுத் தனியா உக்காந்திருப்பாரு" என்று பெரியவள் இவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். இளம் பிள்ளைகள் எதற்காக விளக்கை அணைக்கிறார்கள் என்பது புரிந்துவிட்டதாக மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா, அந்த வரியை அடித்துவிடு. வீட்டில் இப்போது நாலு பேருக்கும் விஷயம் தெரியும். நாலு பேரும் ஒன்றும் தெரியாத மாதிரி ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். இதற்கு மேல் எழுத வெளிச்சம் பத்தவில்லை.